வாயசைப்புப் பிரிவு

கருவேலங்குடி அபிராமவல்லி அம்மாள் நினைவு உயர்நிலைப் பள்ளியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் அங்கே சங்கீதம் ஒரு பாடமாக வந்தது. அபிராமவல்லி அம்மாள் எங்கள் பள்ளியின் தாளாளர் வைத்தியலிங்கத்தின் தாயார். நினைவுப் பள்ளி திறந்தபோது அந்த அம்மாள் உயிரோடுதான் இருந்தார்கள். திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்களாம். பெயரில் நினைவு என்று இருந்தால் நன்கொடை தாராளமாக வரும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

தாளாளர் வைத்தியலிங்கம் எங்கள் பக்கத்துப் பெரிய மிராசுதார். ஆற்றுத் தலைப்பிலிருந்து கடைமடை வரைக்கும் அவருடைய நிலம். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அது அவருடைய நிலம் இல்லை என்று ஆகிவிட்டது. கோயில் பேரிலும், சமையற்காரர் பேரிலும், லட்சுமி, சரஸ்வதி என்ற இரண்டு பேர் பேரிலும் இருந்தது. லட்சுமியும் சரஸ்வதியும் அவர் வீட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடந்தார்கள். தாசில்தார் விசாரணைக்கு வந்தபோது இருவரும் பாலும் கொடுத்தார்கள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

ஆட்சி மாறியதும் மிராசுதாரின் துண்டுக்குக் கரை மாறியது. அதுவரை ராமநவமிக்கு அவர் வீட்டுக் கொட்டகையில் பத்து நாள் தெலுங்குக் கீர்த்தனை நடக்கும். இப்போது தமிழிசை என்றார். 'தமிழிசைக் காவலர்' என்று ஒரு பட்டத்தை அமைச்சர் கையால் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டுவிழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேர் மேடையில் நின்று 'நூறு குரல் தமிழிசை' பாட வேண்டும். அமைச்சர் கேட்க வேண்டும். பட்டம் விழ வேண்டும்.

ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவும் சேர்த்து நூறு பிள்ளைகள் இருந்தோம். அதில் பெரும்பங்கு தெற்குத் தெரு, அதாவது மிராசுதாரின் வயலில் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கிறவர்களின் பிள்ளைகள். என் அம்மா ராசம்மாளும் அவர்களில் ஒருத்தி. அந்த வருஷம் எங்கள் தெருவில் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கொடி ஏறியிருந்தது. தாலுகா முழுக்க 144 போட்டிருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் கீழ்த்தஞ்சையில் கூலி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுதினால் இது சிரிக்கிற கதையாக இருக்காது.

பாட்டு சாராக சிங்காரவேலு என்பவரைப் போட்டார்கள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். வந்த முதல் வாரமே எல்லோருக்கும் குரல் தேர்வு வைத்தார். ஒரு வரி பாடுவார். நாம் பாட வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

என் முறை வந்தது. சார் ஒரு வரி பாடிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த பாட்டு, நடவு வயலில் அம்மா முன்னால் நின்று எடுத்துக்கொடுக்கும் பாட்டு. அங்கே ஒருத்தி ஒரு வரி பாடினால் மற்றவர்கள் அதற்குப் பதில் வரி பாட வேண்டும். அவள் பாடியதையே திருப்பிப் பாடினால், பதில் தெரியாத மண்டு என்று அர்த்தம், வரிசையே சிரிக்கும். சார் பாடிய வரியில் மயில் ஆடியது. நான் மயிலை விரட்டி நாற்றங்காலைக் காப்பாற்றுவதாக ஒரு பதில் வரி கட்டிப் பாடினேன். நாலு வயலுக்கு அப்பால் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரிதான் பாடினேன். வேறு மாதிரி எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்தால் குலவை போட வேண்டும் அல்லவா, நாக்கைச் சுழற்றிக் குலவையும் போட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வழக்கம்போலக் குலவையில் சேர்ந்துகொண்டார்கள்.

தலைமையாசிரியர் தம் அறையில் இருந்தார். ஊர்வலம் உள்ளே புகுந்துவிட்டது என்று முடிவு செய்து வாசல் கதவைப் பூட்டச் சொன்னார். பியூன் சைக்கிளில் போய்த் தகவல் சொல்ல, வலங்கைமானிலிருந்து போலீஸ் வேன் வந்தது. வந்த போலீஸ்காரர்கள் ஆறாம் வகுப்பைச் சுற்றி வளைத்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பள்ளிக் குழு கூடியது. அதில் என்ன பேசினார்கள் என்பதைத் தலைமையாசிரியரே காலைப் பிரார்த்தனையில் எங்களுக்கு விளக்கினார். குரல் இரண்டு வகைப்படும். ஒன்று, அறைக்குள் அடங்கும் குரல். இன்னொன்று, அறைக்குள் அடங்காத குரல். முதல் வகை பதினொரு பேருக்கு இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதினொரு பேரில் மிராசுதாரின் மகள் கமலவல்லி, கணக்கப்பிள்ளையின் மகன், அரிசி மில் மேனேஜரின் இரட்டைப் பிள்ளைகள், தலைமையாசிரியரின் தம்பி மகள் ஆகியோர் இருந்தது தற்செயல். மற்ற எல்லோரும் இரண்டாம் வகை. அவர்களுக்கென்று 'வாயசைப்புப் பிரிவு' ஒன்று தொடங்கப்படுகிறது. மேடையில் அவர்களும் நிற்பார்கள், வாயைத் திறந்து மூடுவார்கள், சத்தம் மட்டும் வராது. நூறு வாய் தெரிந்தால் நூறு குரல்தானே.

பிறகு மதிப்பெண் விஷயத்துக்கு வந்தார். சங்கீதத்துக்கு நூறு மார்க். பாடுகிறவர்களுக்கு நூறுக்கு. வாயசைக்கிறவர்கள் பாதி வேலைதான் செய்வதால் அதிகபட்சம் முப்பது. பாஸ் மார்க் எல்லோருக்கும் பொதுவாக முப்பத்தைந்து.

நான் கையைத் தூக்கி, அப்படியானால் நாங்கள் எப்படி சார் பாஸாவது என்று கேட்டேன். தலைமையாசிரியர் கோபப்படவில்லை. நல்ல கேள்வி என்றார். பாஸ் மார்க்கில் பாரபட்சம் காட்டுவது தப்பு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா களைக்கொத்தை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். எங்கள் தெருவில் பெண் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதே பெரிய பேச்சு. பெயிலானவளை மறுபடி அனுப்ப ஒரு வீட்டிலும் வழியில்லை.

"பெயிலானா சித்திரையோட படிப்பு சரி. ஆனியில நாத்து முடிய எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து நிக்க வேண்டியதுதான்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரமே அம்மாவும் இன்னும் சில பெண்களும் மிராசுதாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். நானும் கூடப் போனேன். ஊஞ்சலில் இருந்தபடியே அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மனிதரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அதுதான், மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார்.

"ராசம்மா, நீயே சொல்லு. கூலி கேட்டு என் வாசல்ல வந்து நிக்கிற குரல் இது. அதுக்கு நானே வாத்தியார் போட்டு, சம்பளம் குடுத்து, இன்னும் நல்லா வளத்துவிடணுமா? வாயி வேணும்னா இருக்கட்டும். வாயை நான் வேணாங்கல."

பெண்கள் திரும்பி வந்தார்கள். நான் மனசுக்குள், இந்த ஆளை விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. அது கெட்ட குணம் என்று பிற்பாடு பலர் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் வாயசைப்புப் பிரிவில் படித்தவர்கள் இல்லை.

அப்புறம் பயிற்சி தொடங்கியது. பதினொரு பேரும் சங்கீத அறையில் சாரோடு பாடினார்கள். நாங்கள் சைக்கிள் கொட்டகையில் நின்று வாயசைத்தோம். டிரில் மாஸ்டர் விசில் ஊதி எண்ணுவார். ஒன்றுக்கு 'ஆ', இரண்டுக்கு 'ஓ', மூன்றுக்கு மூட வேண்டும். பாட்டின் வார்த்தைகளை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வார்த்தை தெரிந்தால் பழக்கத்தில் சத்தம் வந்துவிடக்கூடும் என்று பள்ளிக் குழு அஞ்சியது.

சத்தம் வருகிறதா என்று பார்க்க ஒரு முறை வகுத்தார்கள். ஆளுக்கொரு கோழி இறகைக் கொண்டுவந்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். இறகு ஆடினால் மூச்சு வெளியே வந்துவிட்டது, ஒரு மார்க் போச்சு. இறகு பழசானால் புதுசு கொண்டுவர வேண்டும். தீபாவளிக்குள் எங்கள் தெருவில் ஒரு கோழிக்கும் வால் இல்லை. என் சிநேகிதி அம்சம் ஒரு நாள் தும்மிவிட்டாள். இறகு பறந்து டிரில் மாஸ்டர் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அவளை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். குற்றம், வாயசைப்பு நேரத்தில் ஒலி எழுப்பியது.

அரையாண்டுத் தேர்வில் வாயசைப்பில் நான் முதலாவதாக வந்தேன். முப்பதுக்கு முப்பது. தலைமையாசிரியர் கைதட்டச் சொல்லிப் பாராட்டினார். பிறகு முன்னேற்ற அட்டையில் சிவப்பு மையால் தோல்வி என்று எழுதிக் கொடுத்தார்.

சங்கீதத்துக்கென்று சென்னையிலிருந்து ஒரு புது ஆர்மோனியமும் வாங்கியிருந்தார்கள். அதை அமைச்சர்தான் திறந்து வைக்க வேண்டும் என்பதால் ஆண்டு முழுவதும் பெட்டி பிரிக்காமலே இருந்தது. சிங்காரவேலு சார் அதன்மேல் கையெழுத்து நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்.

மாசி மாதம் ஆண்டுவிழா வந்தது. தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தது; கூலிப் பேச்சுவார்த்தை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அமைச்சர் வருகிறார் என்றதும் ஊரே மைதானத்தில் கூடிவிட்டது. எங்கள் தெருக்காரர்களை உள்ளே விடவில்லை. 144 அவர்களுக்கு மட்டும் நடைமுறையில் இருந்தது. அவர்கள் மூங்கில் வேலிக்கு வெளியே, அறுத்த வயலில் நின்றார்கள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா முன்னால் நிற்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

மிராசுதார் தம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வழிநெடுகச் சீரியல் பல்பு கட்டி, எல்லாவற்றுக்கும் தம் அரிசி மில்லிலிருந்தே கரண்ட் இழுத்திருந்தார். வரவேற்புரையும் அவரே பேசினார். தமிழன் வாய் திறந்தால் இசை, மூடினால் மௌனம் என்றார். இந்தப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளை, உயர்த்தப்பட்ட பிள்ளை என்ற பேதமே கிடையாது, எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறக்கும் என்றார். கைதட்டல் வந்தது. நூறு குரல் கேட்டபிறகு அமைச்சர் பட்டம் வழங்குவார் என்று அவரே அறிவித்துக்கொண்டார்.

அமைச்சர் ரிப்பனை வெட்டி ஆர்மோனியத்தைத் திறந்தார். அதே நொடியில் எல்லாச் சீரியல் பல்பையும் ஒன்றாகப் போட வேண்டும் என்பது மிராசுதாரின் ஏற்பாடு. போட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம். மில்லில் பியூஸ் போய், விளக்கும் அணைந்து மைக்கும் செத்தது. அவசரமாக நாலு பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். தாமதிக்க வேண்டாம், பாடச் சொல்லுங்கள் என்றார் அமைச்சர்.

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்ததா என்பது முன்வரிசையில் இருந்தவர்களுக்கே சந்தேகம். பதினொரு பேரும் அறைக்குள் அடங்கும் குரலில் பாடினார்கள். அது மைதானம். மேடையை விட்டு ஒரு வார்த்தை கீழே இறங்கவில்லை. நாங்கள் ஒரு வருஷப் பயிற்சியை முழுசாகக் காட்டினோம். ஆ, ஓ, மூடு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நூறு வாயும் திறந்து திறந்து மூடின.

கூட்டத்தில் முதலில் யாரோ காதைக் குடைந்துகொண்டார்கள். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு மைதானம் முழுவதும் சிரித்தது.

மிராசுதார் மேடை ஓரத்துக்கு ஓடிவந்தார். "பாடித் தொலைங்கடி, எல்லாரும் பாடுங்கடி" என்று பல்லைக் கடித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே வாயை அசைத்தேன். பக்கத்தில் அம்சமும் அசைத்தாள். அடுத்துத் தலைமையாசிரியர் வந்தார். கைகூப்பாத குறையாகக் கேட்டார். அவருக்கு மட்டும் நான் பதில் சொன்னேன். என் குரல் எப்படிப்பட்டது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அது அப்படியே அமைச்சர் வரைக்கும், வேலி வரைக்கும் போயிற்று.

"நாங்க வாயசைப்புப் பிரிவு சார். சத்தம் வந்தா மார்க் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அமைச்சர் இது என்ன பிரிவு என்று கேட்டார். தலைமையாசிரியருக்கு அமைச்சர் கேள்வி கேட்டதில் மிகுந்த சந்தோஷம். குரலின் இரு வகை, கோழி இறகு, முப்பது மார்க், முப்பத்தைந்து பாஸ், சட்டத்தின் முன் சமம், எல்லாவற்றையும் உரத்து, தெளிவாக, வரிசையாக விளக்கினார். தமிழ்நாட்டிலேயே முதன்முறை என்றும் சேர்த்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அமைச்சர் அதைப் பார்த்தார். பிறகு மிராசுதாரைப் பார்த்தார்.

பட்டம் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தாம்பாளத்தில் இருந்தது. மிராசுதார் கூட்டத்தைப் பார்த்து, வாயசைப்புப் பிரிவு இந்த நிமிஷமே கலைக்கப்பட்டது, பிள்ளைகள் எல்லோரும் பாடகர்கள், பாடினால் எல்லோரும் பாஸ் என்று கத்தினார். பிறகு என்னிடம் குனிந்து, பாடும்மா என்றார். ஒரு வருஷத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு 'அம்மா' கிடைத்தது.

எந்தப் பாட்டைப் பாடுவது? அவர்களுடைய பாட்டின் ஒரு வார்த்தைகூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததைப் பாடினோம். நான் எடுத்துக்கொடுத்தேன்:

"வரப்போரம் கொடைபுடிச்சு வாராரு மிராசுதாரு
வாய்க்காத் தண்ணியில மொகம்பாத்து நிக்கிறாரு!"

இதற்கு வேலிக்கு வெளியே நின்ற அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? ஒரு வரி காதில் விழுந்தால் பதில் வரி கொடுத்தே பழகிய வாய். அவளும் அவளோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் வயலிலிருந்து பதில் கொடுத்தார்கள்:

"மொகம்பாத்து என்னசெய்ய, மரக்காலப் பாருங்கய்யா
மரக்கால் அடிவயித்துல மெழுக ஒட்டி வச்சதாரு?"

வாயசைப்புப் பிரிவு முழுவதும் குலவை போட்டோம். பதினொரு பேரில் சிலரும் போட்டார்கள்; கமலவல்லி நன்றாகவே போட்டாள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடவுப் பாட்டில் மிராசுதாரை என்ன வேண்டுமானாலும் கேலி செய்யலாம். வரப்பில் நிற்கிறவர் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் நடவு விளங்காது. சிரித்துத் தலையாட்டி, ஆமாம் ஆமாம் என்று சொல்லித் துண்டை எடுத்து வீச வேண்டும். மிராசுதார் வைத்தியலிங்கம் சின்ன வயசிலிருந்து வரப்பில் நின்றவர். குலவைச் சத்தம் காதில் விழுந்ததும் அவருடைய முகம் தானாகச் சிரித்தது. தலை தானாக ஆடியது. "ஆமா, ஆமா" என்று சொல்லித் தோளில் கிடந்த கரைத் துண்டை எடுத்து எங்கள் முன்னால் வீசினார்.

வீசிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது.

"ஆமாவா?" என்றார் அமைச்சர்.

மைதானத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா வேலிக்கு வெளியிலிருந்து, மரக்கால் களத்திலதான் இருக்கு, கொண்டாரட்டுமா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டு பெண்கள் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். அமைச்சருக்கு வேறு வழியில்லை. பத்திரிகைக்காரர் பென்சிலோடு நின்றார். போலீஸ்காரர் ஒருவர் அரிவாள் முனையை விட்டு நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு, அடை மாதிரி பெயர்ந்து வந்தது. எங்கள் தெரு ஜனம் வருஷக்கணக்காகக் கூலி நெல் அளந்து வாங்கிய மரக்கால் அது. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிக் காரில் ஏறினார். தாம்பாளத்தையும் அவருடைய உதவியாளர் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மறு வாரம் பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்ட கூலி கிடைக்கவில்லை, ஏறக்குறைய கிடைத்தது. முத்திரை போட்ட அளவில்தான் அளக்க வேண்டும் என்பது மட்டும் பேச்சில்லாமல் முடிவானது.

எங்களைப் பழிவாங்காமல் மிராசுதாரால் இருக்க முடியவில்லை. மேடையில் சொன்ன பாஸை எப்படித் திரும்பப் பெறுவது என்று யோசித்திருக்கிறார். கடைசியில், இந்தப் பள்ளியில் சங்கீதம் என்ற பாடமே இந்த ஆண்டு நடக்கவில்லை, அதில் யாருக்கும் எந்த மார்க்கும் கிடையாது என்று ஓர் உத்தரவு போட்டுக் கையெழுத்தும் வைத்தார். எங்கள் பாஸைப் பறித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கோபத்தில் இருந்தவருக்கு, பாடமே இல்லாவிட்டால் பெயிலும் இல்லை என்பது தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆள் தலைமையாசிரியர். அவர் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

மற்றப் பாடங்களில் எல்லாம் நான் பாஸ். அம்சமும் பாஸ். தெற்குத் தெருவில் அந்த வருஷம் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. அம்மா முன்னேற்ற அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஆனியில் நாற்று முடி அவள் கையில்தான் இருந்தது, என் கையில் இல்லை.

கமலவல்லிக்குக் கணக்கு வராது. இங்கிலீஷும் வராது. சங்கீதத்தில் நூற்றுக்கு நூறு, அதைக் கூட்டிக்கொண்டுதான் அவளை மேலே தள்ளிவிடுவதாக ஏற்பாடு. இப்போது கூட்ட ஒன்றும் இல்லை. பள்ளி திறந்த அன்று மிராசுதார் காரில் வந்து இறங்கித் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். ஜன்னல் திறந்திருந்ததால் வராந்தாவில் நின்ற எங்களுக்கு எல்லாமே கேட்டது.

"எம் பொண்ணு சார் அது" என்றார் மிராசுதார்.

தலைமையாசிரியர் எழுந்து நின்றபடியே மரியாதையாகப் பதில் சொன்னார். "உத்தரவுல யாருக்கும்னு இருக்குங்க. நீங்க வச்ச கையெழுத்துங்க அது. பாரபட்சம் காட்டுனா தப்பாயிடும்."

அவர் கேலி செய்யவில்லை. அந்த மனிதருக்குக் கேலி செய்யத் தெரியாது. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு இனித்தது.

கமலவல்லி புத்தகப் பையோடு பழைய ஆறாம் வகுப்புக்கே போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. குலவை போட்ட பெண். அவளைக் கொண்டுவிட்டுத் திரும்பி நடந்தவரைத்தான் பார்த்தேன். கார் கிளம்பி ரோட்டுக்குப் போகும்வரை ஏழாம் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தேன். டீச்சர் வந்து பேர் கூப்பிட்டபோது, உள்ளேன் டீச்சர் என்று சொன்னேன். பக்கத்து வகுப்புகள் மூன்றும் திரும்பிப் பார்த்தன.